டயரு பெருத்தா குதிரை கூடுமா மாப்ளே?

வா மாப்ளே, வா. வண்டிய வேப்பமரத்தடியிலயே விடு. எறங்குறதுக்கு ஏணி எடுத்தாரச் சொல்லவா? போன தையில இதே வண்டியில வந்தப்ப காலைக் கீழ வெச்சதும் தரை இருந்துச்சு. இப்ப தரைக்குத் தந்தி அடிச்சுட்டுத்தான் எறங்கணும் போலருக்கு.

உங்க அத்தை காபி போடுறா. நீ வந்த சோலிய நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன். வண்டி இழுக்க மாட்டேங்குது. ஆத்தங்குடிக் கல்லை அள்ளிப் போட்டுக்கிட்டு கொடைக்கானல் போயிருக்க. எவனோ அங்க பங்களா கட்டுறானாம், செட்டிநாட்டு வீடு மாதிரியே தரை வேணுமாம். வத்தலக்குண்டு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் வண்டி ரெண்டாவது கியர்ல கெடந்து முக்கிருச்சு. பின்னாடி வந்த பஸ்காரன் ஆரன் அடிச்சே உன்னை மேல ஏத்தி விட்டிருக்கான். இப்ப எவனோ ஒருத்தன் ஒரு பொட்டி விக்கிறான், அதை எஞ்சின்ல மாட்டுனா கால் பங்கு சக்தி கூடும்னு சொல்றான், மாட்டலாமா மாமான்னு கேக்க வந்திருக்க. ஊருச் சனம் எங்கிட்ட மாட்டு யோசனை கேக்க வரும். நீ மாட்டுற யோசனை கேக்க வந்திருக்க. பரவால்ல, பாதி ஆயுசு லாரியில போச்சு, மீதி ஆயுசு மாட்டு வண்டிப் பந்தயத்துல போச்சு. ரெண்டுல எதுக்கும் சொல்லுவேன்.

மொதல்ல கணக்கு. நீ வாங்கியிருக்குறது 2012 மாடல் போலிரோ. எஞ்சின் 2,523 சி.சி., 63 குதிரை. முறுக்கு விசை 195 நியூட்டன் மீட்டர். அதைப் பெத்தவங்க அதை ஓடச் சொல்லிப் பெக்கல, ஒழைக்கச் சொல்லிப் பெத்தாங்க. 2000-ல வந்த நாள்லருந்து இந்தச் சீமையில அது ஏத்தாத மூட்டை இல்ல, போகாத கம்மாக்கரை இல்ல, தூக்காத கட்சிக்கொடி இல்ல. பொறந்தன்னிக்கே 63 குதிரைதான். நீ கை மாத்தி வாங்குறப்ப மீட்டர்ல ரெண்டே கால் லட்சம் கிலோமீட்டர். அம்புட்டுக் குதிரையும் லாயத்துலயே கெடக்கும்னு நெனைச்சியா? கெழடு தட்டியிருக்கும். சிலது ஓடியும் போயிருக்கும்.

வண்டி வாங்குனதும் நீ மொதல்ல என்ன செஞ்ச? ஆயில் மாத்துனியா? இல்ல. பில்டர் பாத்தியா? இல்ல. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல எவனோ ஒருத்தன் பெரிய டயரு போட்ட வண்டியில சாஞ்சுக்கிட்டு நின்னானாம், நாலு பொண்ணுக திரும்பிப் பாத்துச்சாம். அந்தப் பொண்ணுக பாத்தது மாட்டை மாப்ளே. அவன் குறுக்க நின்னான், அம்புட்டுத்தான்.

நீ நேரா கடைக்குப் போயி 31 இஞ்சு டயரை மாட்டிக்கிட்டு வந்துட்ட. கம்பெனி குடுத்த அளவு 215/75 ஆர் 15. அதோட குறுக்களவு 703 மில்லிமீட்டர் சொச்சம். உன் 31 இஞ்சு, 787 மில்லிமீட்டர். நூத்துக்கு 12 பெருசு. முந்தி சக்கரம் ஒரு சுத்து சுத்துனா வண்டி 2 மீட்டர் 21 சென்டி போகும். இப்ப அதே ஒரு சுத்துக்கு 2 மீட்டர் 47 சென்டி போகணும். அந்தக் கூடுதல் 26 சென்டிய யாரு தள்ளுறது? நீயா? எஞ்சின்தான் தள்ளணும், அதுவும் அதே 195-ஐ வெச்சுக்கிட்டு. ஒவ்வொரு கியர்லயும் ரோட்டைத் தள்ளுற பலம் 100-க்கு 89 ஆயிருச்சு. மத்த கியர்ல ஒரு படி எறங்கிச் சமாளிச்சுக்கலாம். மூணுல ஏறுனதை ரெண்டுல ஏறலாம். முதல் கியர்ல மாட்டிக்கிட்டா எங்கிட்டு எறங்குவ? அதுக்குக் கீழ அத்தையோட ஒரல்தான் இருக்கு.

நீ விடமாட்ட. "மாமா, உங்க கட்டை வண்டிச் சக்கரம் ஆளு நெஞ்சு ஒசரம் இருக்கே, அது லேசா ஓடலையா? பெரிய சக்கரம்னா லேசாத்தானே உருளும்?"னு கேக்குற. கேளு, நல்ல கேள்வி. இதைக் கேட்டதுக்காகவே உனக்குப் பொண்ணு குடுக்கலாம், எனக்குத்தான் பொண்ணு இல்லாமப் போச்சு.

மாட்டு வண்டியில பலம் எங்கிட்டிருந்து வருது? நுகத்தடியிலருந்து. மாடு ஏர்க்காலை இழுக்குது, ஏர்க்கால் அச்சை இழுக்குது, அச்சு போற பக்கம் சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருது. சக்கரத்தை யாரும் சுத்துறதில்ல. அதனால அது பெருசா இருந்தா நல்லது. பள்ளத்துல விழாது, கல்லு மேல ஏறி எறங்கிரும், குடத்துக்குள்ள இருக்குற ஒரசல் மாட்டோட கழுத்துக்கு அவ்வளவாத் தெரியாது. உன் வண்டியில நடக்குறது தலைகீழ். எஞ்சின் பின்னச்சைப் புடிச்சுத் திருகுது. நடுக் குடத்துலருந்து ரோடு எம்புட்டுத் தூரமோ அம்புட்டுக்கு அந்தத் திருகு வலு கொறைஞ்சு போய்ச் சேருது. மாட்டை அவுத்துட்டு, ஒரு ஆளைக் கூப்பிட்டு, குடத்தைப் புடிச்சுக் கையாலயே திருகி வண்டிய நகத்துடான்னு சொல்லிப் பாரு. சின்னச் சக்கரமா மாட்டுங்க சாமின்னு கையெடுத்துக் கும்பிடுவான். உன் எஞ்சினும் அதைத்தான் சொல்லுது. அதுக்கு வாயி இல்ல, பொகைதான் இருக்கு.

எடை வேற. 31 இஞ்சு டயரு ஒவ்வொண்ணும் பழசைவிடப் பல கிலோ கூடுதல். அந்த எடை மூட்டை மாதிரி வண்டிக்குள்ள சும்மா உக்காந்திருக்குற எடை இல்ல. அதை முன்னாடியும் நகத்தணும், சுத்தவும் வைக்கணும், ரெட்டை வேலை. அகலம் பத்தரை இஞ்சு, அது ரோட்டோட பேசுற பேச்சு தனி. பிரேக்குக்கும் இதே கணக்குத்தான், பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பிரேக்குக்கு பலம் பத்தாது. ஏறுறப்ப முக்குனது பஸ்காரனுக்குத் தெரிஞ்சுச்சு. எறங்குறப்ப நடந்தது உனக்கும் உன் கொலதெய்வத்துக்கும்தான் தெரியும்.

பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சுத்தானே விடுறோம்? பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டு வண்டியில பூட்டுற கோட்டிக்காரன் இந்த சிவகங்கைச் சீமையில உண்டா? இருந்தான்னா எனக்குத் தெரியாம இருக்காது. இப்பத் தெரிஞ்சுபோச்சு.

இன்னொரு வேடிக்கை சொல்றேன், சிரிச்சுக்க. உன் வேக மீட்டர் சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் எண்ணும். சுத்து பெருசானது அதுக்குத் தெரியாது. மீட்டர்ல 60 காட்டுனா நீ 67-ல போற. 80 காட்டுனா தொண்ணூத்தைத் தொட்டுட்ட. கேமராக்காரன் படம் புடிச்சு அனுப்புனா அவன் பொய்யின்னு சண்டைக்குப் போகாத. தூர மீட்டரும் அப்படித்தான், நீ 10,000 கிலோமீட்டர்னு ஆயில் மாத்துறப்ப வண்டி 11,000-த்தையும் தாண்டியிருக்கும். போன வாரம் நம்ம கடைத்தெருவுல நின்னுக்கிட்டு, "லிட்டருக்கு 12 குடுத்த வண்டி 10-க்கு வந்துருச்சு"ன்னு ஊரைக் கூட்டி அழுதியே, அந்தப் பத்து நெசமாவே பதினொண்ணுக்கு மேல. ரெண்டு போச்சுன்னு அழுதியே, ஒண்ணுதான் போயிருக்கு. மிச்ச அழுகைய மீட்டர்கிட்டருந்து திருப்பி வாங்கிக்க.

டயருக்கு நான் எதிரி இல்ல மாப்ளே. ஐஸ்லாந்துன்னு ஒரு நாடு, அங்க பனி மேல ஓட்டுறதுக்கு 38 இஞ்சு, 44 இஞ்சு டயரெல்லாம் போடுறான். டயரு மெதுக்குன்னு ஆகுற அளவுக்குக் காத்தை எறக்கி, பனியில அமுங்காமப் போறான். ஆனா அவன் டயரை மட்டும் மாத்துறதில்ல. பின்னச்சுக்குள்ள இருக்குற கிரவுன், பினியன் பல்லையும் சேத்து மாத்துறான். ஒரு பேச்சுக்கு உன் அச்சோட பல்லு கணக்கு 4.10-ன்னு வெச்சுக்க. 31 இஞ்சு போட்டதும் அது 3.66 போட்ட வண்டி மாதிரி ஆயிருச்சு. பழைய இழுவை வேணும்னா 4.59 பக்கத்துல இருக்குற பல்லு செட்டு போடணும். இதுதான் பெரிய டயருக்கு மருந்து. உனக்கு அது தெரியுமா? கடைக்காரனுக்குத் தெரியும், சொல்லியிருக்க மாட்டான். சொன்னா டயரு விக்காது. கோவாவுல 2014-லருந்து மழைக்காலத்துல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சுன்னு ஒரு போட்டி நடக்குது, சேத்துக்குள்ள வண்டிய எறக்கி வின்ச்சு வெச்சு இழுக்குறான். அவனுக்கும் பெரிய டயரு வேணும். நம்ம காரைக்குடியில என்ன இருக்கு? செம்மண்ணு, செம்புறாங்கல்லு, தட்டை. குன்றக்குடி மலை மேல வண்டி போகாது, நடந்துதான் போகணும். பழனிக்குத் தைப்பூசத்துக்கு இங்கிட்டிருந்து காவடி தூக்கிட்டு நடந்தே போறாக, ஒருத்தருக்கும் 31 இஞ்சு செருப்பு கிடையாது.

சரி, இப்ப நெசச் சோலிக்கு வருவோம். பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி, ஓடிப்போன குதிரையத் தேடிப் புடி. ஒண்ணொண்ணா எங்கிட்டுப் போயிருக்கும்னு சொல்றேன், எழுதிக்க. எழுதமாட்ட, போன்ல படம் புடிச்சுக்க.

மொதல் குதிரை காத்துல. ஒரு கிலோ டீசல் முழுசா எரிய 14.5 கிலோ காத்து வேணும். கிலோவுக்குக் கிலோ, டீசல் எஞ்சினுக்குச் சோறு டீசல் இல்ல, காத்துதான். நம்ம சீமைச் செம்மண் புழுதி மாவு மாதிரி. ஏர் பில்டருக்குள்ள போய் ஒக்காந்துச்சுன்னா தாளு செவந்து போயிரும். நீ என்ன செய்யுற? கழட்டி டயரு மேல ரெண்டு தட்டு தட்டி மாட்டிர்ற. அந்தத் தட்டுல தாளு கிழிஞ்சா புழுதி நேரா எஞ்சினுக்குள்ள போகும், டர்போவோட எறகை அரிக்கும். புதுசு மாத்து. பெட்ரோல் பங்குல நீ குடிக்குற குளுகுளு பாட்டிலைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுனா பில்டர் காசு வந்துரும்.

ரெண்டாவது குதிரை ஓஸுல. டர்போ அமுக்கிக் குடுக்குற காத்து இண்டர்கூலர் வழியா எஞ்சினுக்கு வர்ற ரப்பர் ஓஸு இருக்கே, அது இத்தனை வருசத்துல வெடிப்பு விட்டிருக்கும், இல்ல கிளிப்பு தளந்திருக்கும். சும்மா நிக்கிறப்ப தெரியாது. ஏத்தத்துல மிதிச்சாத்தான் "உஸ்"ஸுங்கும். மூட்டுல ஆயில் ஈரம் பூத்திருந்தா அதான் இடம். காத்து வெளிய போகுது, டீசல் உள்ள போகுது, எரியாத டீசல் கரும்பொகையா வெளிய வருது. கொடைக்கானல் ரோட்டுல உன் பின்னாடி வந்த பஸ்காரன் ஆரன் அடிச்சது கோவத்துல இல்ல மாப்ளே, கண்ணு தெரியாம அடிச்சிருக்கான். கொடைக்கானல் 2,100 மீட்டர் ஒசரம் வேற. மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு, உச்சியில அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சிரும். அந்தக் கொறைய ஈடுகட்டத்தான் டர்போ. ஓட்டை ஓஸை வெச்சுக்கிட்டு அது என்னத்தை ஈடுகட்டும்?

பொகைய மட்டும் படிக்கத் தெரிஞ்சா பாதி மெக்கானிக் நீ. கருப்புன்னா டீசல் கூட, காத்துக் கொறைச்சல். நீலம்னா எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. வெள்ளை நிக்காம வந்துச்சுன்னா டீசல் எரியாமத் தப்பிச்சு ஓடுது. உன் வண்டி மூணு கலர்லயும் விடுதான்னு பாரு. விட்டுச்சுன்னா அடுத்த மாநாட்டுக்கு முன்னணி வண்டியாவே போகலாம்.

மூணாவது, டீசல் பில்டர். கீழ ஒரு திருகு இருக்கும், தண்ணி எறக்கி விட. அதை நீ இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்லன்னு அதுல இருக்குற துருவே சாட்சி சொல்லும். அடுத்தது இன்ஜெக்டர். ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல, மயிரு மொத்தத்துல இருக்குற ஓட்டை வழியா டீசல் சாரலடிக்கணும். தேஞ்சு போனா சாரல் ஒழுக்கு ஆயிரும். நாலு இன்ஜெக்டருக்கும் திரும்பி வர்ற குழாயில நாலு சின்ன பாட்டிலைக் கட்டிவிட்டு எஞ்சினை ஓடவிடச் சொல்லு. எந்த பாட்டில் வெரசா நெறையுதோ அந்த இன்ஜெக்டர் திருடன். இதைப் பம்பு வேலை தெரிஞ்சவன்கிட்டத்தான் குடுக்கணும். பஞ்சர் ஒட்டுற பையன் "நானே பாத்துர்றேண்ணே"ம்பான், குடுத்துறாத. அந்த அழுத்தத்துல டீசல் கையில பட்டா தோலைத் துளைச்சு உள்ள போயிரும்.

ஈ.ஜி.ஆர். வால்வுன்னு ஒண்ணு, எரிஞ்ச பொகையில கொஞ்சத்தை மறுபடி உள்ள விடுறது. அதுல கரி கட்டி தெறந்தபடியே நின்னுபோச்சுன்னா எஞ்சின் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும். கழட்டிக் கழுவச் சொல்லு. வால்வு இடைவெளி பாக்கச் சொல்லு. இதெல்லாம் பாத்தும் இழுக்கலன்னா கம்ப்ரெஷன் போட்டுப் பாக்கணும். நாலு சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் கொறைஞ்சு நின்னா, அங்க பேச்சே வேற, ரிங்கோ வால்வோ போயிருச்சு. அப்ப எந்தப் பொட்டியும் ஒண்ணும் செய்யாது. பர்மாத் தேக்கு தூணையே முனீஸ்வரன் கோயில் தெருவுல வித்துக்கிட்டிருக்காங்க, உன் எஞ்சினையும் அங்கயே வெச்சுப் பாரு, அமெரிக்காக்காரன் எவனாவது விளக்குத்தண்டுன்னு நெனைச்சு வாங்கிட்டுப் போவான்.

இனி, குதிரை எஞ்சின்லருந்து கெளம்பி வழியிலயே தொலையுற கதை. நாலாவது கியர்ல மெதுவாப் போயிக்கிட்டு ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கு. எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி நகரலன்னா கிளட்ச் தட்டு வழுக்குது. பெரிய டயரு மாட்டுன பெறகு அதுக்கு வேலை ரொம்பக் கூடிப்போச்சு. அப்புறம் நாலு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால சுத்திப் பாரு. லேசாச் சுத்தாம ஒரசுச்சுன்னா பிரேக்கு புடிச்சுக்கிட்டே ஓடுது. நீ ஒரு கால்ல ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற, வண்டி தன் கால்ல பிரேக்கை மிதிக்குது. புருசன் பொண்டாட்டிக்கு இதெல்லாம் சகஜம், வண்டிக்கு ஆகாது.

முன்னாடி மாட்டியிருக்கியே, ஆனை முட்டுனாலும் தாங்குற கம்பி, அது யாருக்காக? காரைக்குடியில கடைசியா ஆனை வந்தது கும்பாபிஷேகத்துக்கு, அதுவும் லாரியில. அந்த மாதிரிக் கம்பிய 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. மோதுறப்ப வண்டி நசுங்கி அடிய வாங்கிக்கணும். கம்பி இருந்தா அந்த அடி நேரா வண்டிச் சட்டத்துக்குப் போயி உள்ள இருக்குறவன் எலும்புக்கு வரும். கழட்டிப் போடு, எடையும் கொறையும். மேல இருக்குற காலி கேரியர், பின்னாடி இருக்குற பானை சைசு ஸ்பீக்கர், அதையும். பணம் செலவழிக்காமக் குதிரை வாங்குறது இது ஒண்ணுதான்.

இதெல்லாம் முடிச்சப்புறம் பொட்டிக்கு வா. அது என்ன செய்யுதுன்னு தெரியுமா? டீசல் ரெயில்ல இருக்குற அழுத்தத்தை அளந்து சொல்ற சென்சார் கம்பியில குறுக்க ஒக்காந்துக்கிட்டு, இருக்குறதைவிடக் கொறைச்சுச் சொல்லும். எஞ்சின் கம்ப்யூட்டர் பாவம், "அடடா, பத்தலையா, இந்தா இன்னும் கொஞ்சம்"னு அழுத்தத்தை ஏத்தி டீசலைக் கூட ஊத்தும். காசு குடுத்துப் பொய் சொல்றவனை வேலைக்கு வைக்கிற. நல்ல வயசு எஞ்சினா இருந்து, காத்தும் சரியா வந்தா, நெசமாவே பலம் கூடும், நான் மறுக்கல. கம்ப்யூட்டர் எழுத்தையே மாத்தி எழுதுறவனும் இருக்கான், அது பொட்டிய விடக் கொஞ்சம் யோக்கியமான வேலை, தெரிஞ்சவன் கையில. ஆனா ரெண்டே கால் லட்சம் ஓடுன எஞ்சின்ல, ஓட்டை ஓஸும் ஒழுகுற இன்ஜெக்டருமா இருக்குறப்ப, கூட ஊத்துற டீசல் சூடாத்தான் போகும். பிஸ்டன் தலை, ஹெட் கேஸ்கட்டு, டர்போ, கிளட்ச், எது மொதல்ல போகும்னு பந்தயம் கட்டலாம். நான் கிளட்ச்சு மேல கட்டுறேன்.

சட்டம் தெரியுமா உனக்கு? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரளா வழக்குல அதையேதான் சொல்லிருச்சு. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும்னு வெச்சுட்டாங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கும்னு சொன்னேன், கேட்டியா? டயரு, கம்பி, பொட்டின்னு எண்ணிக்க. உன் வண்டிக்கு 2027-ல பதினஞ்சு வருசம் முடியுது, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியக் காட்டணும். அந்த அதிகாரி டேப்பு எடுத்துக்கிட்டு வர்றப்ப, "சார், மஞ்சுவிரட்டுல நாலு பொண்ணுக பாத்துச்சு"ன்னு சொல்லிப் பாரு. வழியில எங்கயாவது மோதுனா இன்சூரன்ஸ்காரனும் டயரு அளவைத்தான் மொதல்ல பாப்பான்.

மலேயாவுல ரப்பர் தோட்டத்துக்கே கடன் குடுத்து, தோட்டமே வெச்சிருந்த ஊருக்காரக நாம. அம்புட்டு ரப்பரையும் பாத்த பூமியில பொறந்துட்டு, ரப்பர் வாங்கத் தெரியலையே உனக்கு.

என் யோசனை: கம்பெனி அளவு, 215/75 ஆர் 15, நாலு புதுசு வாங்கு. உன் பழசைத்தான் அந்தக் கடைக்காரன்கிட்டயே அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டு வந்துட்டியே. 235/75 போட்டா நல்லாருக்குமேன்னு உன் வாய் துடிக்கிறது தெரியுது. அதுவே நூத்துக்கு நாலு பெருசு. அந்த நாலும் வேணாம், கல்லு ஏத்துற வண்டிக்கு. டயரு வாங்குறப்ப பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாரு. மொதல் ரெண்டு எண்ணு வாரம், பின் ரெண்டு எண்ணு வருசம். நீ வாங்குறப்ப பாத்தியா? பாத்திருக்க மாட்ட. நீ ஏணி தேடிக்கிட்டிருந்தப்ப நான் பாத்துட்டேன். 0917. 2017-ல ஒம்பதாவது வாரம் செஞ்சது. "புத்தம் புதுசுண்ணே, பேப்பர் கூடப் பிரிக்கல"ன்னு வித்திருப்பானே? பேப்பர் புதுசுதான்.

மொறைக்காத. ரப்பர் காஞ்சு சன்னமா வெடிப்பு விட்டுருச்சு, 80-ல போற வண்டிக்கு இனி அது ஆகாது. மத்தவன் தலையில கட்டுறது பாவம், எவனாவது ரோட்டுல வெடிச்சு விழுவான். மெதுவாப் போற வண்டிக்கு ஆகும். என்னோட டயரு வண்டி இருக்குல்ல, வைக்கோல் ஏத்துறது, அதோட அச்சு பழைய ஜீப்போடது. அஞ்சு நட்டு. உன் டிஸ்க்கு அதுல அப்படியே ஒக்காரும், எறங்குனதுமே சாண் வெச்சுப் பாத்துட்டேன். அதை எஞ்சின் திருகல, மாடு இழுக்குது. சக்கரம் பெருசா இருந்தா நல்லதுன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?

நாலுக்கும் சேத்து ஆயிரம் ரூவா தர்றேன். கழட்டுற கூலி ஒன்னோடது.